ஆளோடு விற்ற கார்

திருப்பூரில், பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் காஜா பட்டன் யூனிட் வைத்திருந்த சென்னியப்பன், ஒன்பது வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் சொகுசுக் காரை வாங்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பின் சீட்டின் இடது ஓரத்தில் அந்தக் காரின் முதல் சொந்தக்காரர் தாமோதரசாமி உட்கார்ந்திருந்தார். கார் கைமாறிவிட்டது என்பதற்காக அவர் இறங்கவில்லை, இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவுமில்லை, ஏனென்றால் ஒரு காலத்தில் ஆயிரத்து இருநூறு பேருக்கு வேலை கொடுத்த மனிதரை எழுந்திருக்கச் சொல்லும் பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது.

கார் எதற்காக வாங்கப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிற்பாடு எல்லோரும் சேர்ந்து அதைத்தான் மறந்தார்கள்.

சென்னியப்பனின் மனைவி ருக்மணி இருபத்திரண்டு வருடம் காஜா மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்தவள். சட்டைக்குப் பட்டன் நுழைகிற ஓட்டையைத் தைத்துத் திறக்கிற வேலை அது. ஒரு நாளைக்கு மூவாயிரம் ஓட்டை, நாலாயிரம் ஓட்டை, வெள்ளைக்காரன் நெஞ்சில் பூட்டிக்கொள்ள ருக்மணி திறந்துவிட்ட ஓட்டைகளை வரிசையாக வைத்தால் கடல் தாண்டிப் போகும். யூனிட்டின் போர்டில் சென்னியப்பன் பெயர் இருந்தது, மெஷின் முன்னால் ருக்மணியின் முதுகு இருந்தது. அந்த முதுகு ஒரு சித்திரை மாதத்தில் மடங்கி, நிமிர மறுத்துவிட்டது. கோயமுத்தூரில் தண்டுவடத்தில் ஆபரேஷன் நடந்தது. இடது பாதம் மரத்தே கிடந்தது. ஆறு மாதத்துக்கு வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்கு வர வேண்டும் என்றார் டாக்டர், வருகிற ஐம்பது கிலோமீட்டரும் உட்கார்ந்து வரக் கூடாது, குலுங்காத வண்டியில் பின் சீட்டில் நீட்டிப் படுத்துத்தான் வர வேண்டும் என்றார், அப்படி இல்லையென்றால் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும், அதற்கப்புறம் நடப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். வீட்டில் இருந்தது வெட்டிய துணிப் பீஸ் மூட்டை ஏற்றுகிற வேன். அதில் மூட்டைக்கே வலிக்கும்.

மகள் நித்திலா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை இரண்டாம் வருடம் படித்தாள். ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்கு ஏன் மூடப்படுகிறது என்று வாட்ச்மேனிடம் முக்கால் மணி நேரம் வாதாடி, அவரே கடைசியில் ‘எனக்கும் அதுதாம்மா புரியல’ என்று சொல்லும்படி செய்தவள். கார் தேர்ந்தெடுக்கும் வேலையை அவள் கையில் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தாள். கையில் இருக்கிற காசுக்குப் புதிதாக வாங்கினால் சின்னக் கார்தான் கிடைக்கும், அது ஒவ்வொரு வேகத்தடையையும் அம்மாவின் முதுகில் எழுதிக் காட்டும். அதே காசுக்குப் பத்து வருடம் ஓடிய சொகுசுக் கார் கிடைக்கும், மெத்தையாகப் போகும், ஆனால் பார்த்து வாங்காவிட்டால் குடும்பத்தையே விற்க வைக்கும். ஆகவே பார்த்தாள். எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்தாள், தரை விரிப்பைத் தூக்கி வெள்ளத்தில் கிடந்த வாடை வருகிறதா என்று முகர்ந்தாள், சீட்டு நகர்கிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலை விட்டாள், சர்வீஸ் புத்தகத்தில் வருடா வருடம் முத்திரை விழுந்திருக்கிறதா என்று எண்ணினாள், ரிவர்ஸிலிருந்து முன்னால் போட்டால் கியர் உதைக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கோயமுத்தூரில் ஓய்வுபெற்ற கண் டாக்டர் அம்மா ஒருவர் பத்து வருடம் வைத்திருந்த ஜப்பான் கார், துடைத்துத் துடைத்து மங்கிப்போன சாம்பல் நிறம், வைப்பர் மாற்றிய பில் வரைக்கும் ஒரு பைலில் கோர்த்து வைத்திருந்தார்.

சென்னியப்பன் அந்தக் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். “நல்ல வண்டிதான் கண்ணு,” என்றார். “ஆனா இதுல போனா யாருக்குத் தெரியும்?”

“என்ன தெரியணும்ப்பா?”

“போறது தெரியணுமில்ல.”

இந்தத் தத்துவத்தை நித்திலா மறுப்பதற்குள் புரோக்கர் கிட்டுசாமி போன் செய்துவிட்டான். அவிநாசி ரோட்டில் அவனுக்கு ஒரு யார்டு இருந்தது, மூடிப்போன கம்பெனிகளின் கார்கள் முகத்தில் புழுதியோடு அங்கே வரிசையாக நின்றன, நடுவில் கறுப்பாக, பளபளப்பாக, நீ வாங்க மாட்டாய் என்கிற தோரணையில் அந்த ஜெர்மன் கார் நின்றது.

“சிங்கிள் ஓனர் வண்டிங்க,” என்றான் கிட்டுசாமி.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க,” என்றாள் நித்திலா.

“எல்லாரும் சொல்லுவாங்க அம்மிணி, நான் காட்டுவேன்,” என்று அவன் பின் கதவைத் திறந்தான். உள்ளே தாமோதரசாமி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், மடியில் மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள், தங்க பிரேம் கண்ணாடி. கம்பெனி மூடிய அன்று காலையில் ஏறி உட்கார்ந்தவர். காரைக் கட்டி இழுத்து வந்தபோதும் உள்ளேயே இருந்தார். சட்டை கசங்கவில்லை, நகம் வளரவில்லை, வியர்க்கவில்லை. யார்டுக்காரர்கள் காலையில் ஒரு காப்பி, சாயங்காலம் ஒரு காப்பி ஜன்னல் வழியாகக் கொடுத்துவந்தார்கள், அதைத் தவிர வண்டிக்கு வேறு பராமரிப்பு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

“இவரு எப்ப எறங்குவாரு?” என்றாள் நித்திலா.

கிட்டுசாமி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “மெதுவாப் பேசுங்க அம்மிணி! எறங்கறதா? அவரு வண்டியோடதானுங்க வருவாரு. வேற எந்தக் கடையில இப்பிடிக் குடுப்பாங்க?”

சென்னியப்பன் அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார், கார் யார்டின் கிரீஸ் படிந்த தரையில், வெறுங்காலோடு, குனிந்தபடி. “ஐயா, நான் உங்க கம்பெனிக்கு ரெண்டு சீசன் காஜா போட்டுக் குடுத்தனுங்க.”

“ம்,” என்றார் தாமோதரசாமி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “நூல் பிசிறு இருந்துச்சு. திருப்பி அனுப்புனோம்.”

“ஆமாங்கய்யா!” என்று சென்னியப்பன் பூரித்துப்போனார். “ஞாபகம் வெச்சிருக்காரு பாரு கண்ணு!”

நித்திலா காரைச் சோதித்தாள். விரிப்பைத் தூக்கினால் பாசி வாடை அடித்தது. கியர் கழுதையைப் போல உதைத்தது. சர்வீஸ் புத்தகத்தில் நாலு வருடம் காணோம். அவள் பட்டியலில் இருந்த பத்தொன்பது சோதனைகளில் அந்தக் கார் பதினாலில் தோற்றது, மீதி ஐந்தில் ஒன்று ஹாரன். பட்டியலை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் படிக்கவில்லை.

“புக்கு எதுக்கு கண்ணு? வண்டிய வெச்சிருந்தவரே உள்ள இருக்காரு. இதுக்கு மேல என்ன கேரண்டி?”

“அம்மா எங்கப்பா படுப்பாங்க?”

“அட, அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

உலகத்தில் எந்த ஆண் இந்தச் சொல்லைச் சொன்னாலும் அட்ஜஸ்ட் செய்யப்போவது பக்கத்தில் நிற்கிற பெண்தான் என்பதை நிரூபிக்கப் புள்ளியியல் தேவையில்லை. நித்திலா யார்டிலிருந்து வீடு வரும்வரை இருபத்தாறு நிமிடம் வாதாடினாள், டாக்டர் சொன்னதை வரி வரியாகச் சொன்னாள், சாம்பல் நிறக் காரின் பைலைத் திறந்து காட்டினாள். சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் காலையில் ஜெர்மன் காருக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஊர் அந்தக் காரை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், புது மாப்பிள்ளையைக்கூட ஒரு ஊர் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில்லை. பெயர் மாற்ற வண்டியைக் கொண்டுபோனபோது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைப் பார்வையிட வந்த ஆள் சேசிஸ் நம்பரைப் பார்க்கக் குனிந்தவன், ஜன்னலில் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கும்பிட்டு நிமிர்ந்தான், நம்பரைப் பார்க்காமலே சரி என்று எழுதினான். சந்தில் இருந்தவர்கள் முதல் நாள் எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் தட்டில் பழம் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினார்கள், மூன்றாம் நாளிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் கார் கதவைத் தட்டினார்கள். கோயில்காரர்கள் பரிவட்டத்தை ஜன்னலுக்குள் விட்டு அவர் தலையில் கட்டினார்கள், பூசாரி தீபாராதனையை முதலில் அம்மனுக்கும் அடுத்து காருக்கும் காட்டினார், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வரிசையை மாற்றியிருப்பார். மத்தியான வெயிலில் ஐயாவுக்குக் கொதிக்குமே என்று எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து கார்மேல் போர்த்தினாள். அவள் கணவன் அதே வெயிலில் மொட்டைமாடியில் துணி பிழிந்துகொண்டிருந்தான், அவன்மேல் போர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

ஒருவரும், ஒரே ஒருவர்கூட, இந்த மனிதர் ஏன் காருக்குள் இருக்கிறார் என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நினைக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பழம் வைத்திருப்பீர்கள்.

ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழாவுக்குத் தாமோதரசாமி தலைமை தாங்கினார். காரையே மைதானத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள், ஜன்னலுக்குள் மைக்கை விட்டார்கள், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் பேசினார். “வாழ்க்கையில யாரு எழுந்து நிக்கிறானோ அவனுக்குத்தான் வெற்றி,” என்றார். ஆயிரம் பேர் கைதட்டினார்கள். நித்திலா கூட்டத்தின் கடைசியில் நின்று சிரித்துவிட, ஒரு வாத்தியார் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

சென்னியப்பனுக்கு என்ன கிடைத்தது? அவர் வாங்கிய காரில் அவர் வெள்ளை யூனிபார்ம் போட்டுக்கொண்டார், யாரும் சொல்லவில்லை, தானாகவே தைத்துக்கொண்டார். “தாமோதரசாமி ஐயா வண்டி ஓட்டறவரு” என்று ஊர் அவரை அடையாளம் சொன்னது, அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கார் வாரத்துக்கு ஒருதரம் நடுரோட்டில் நின்றது. கியர்பாக்ஸ், பிறகு ஏசி, பிறகு மறுபடியும் கியர்பாக்ஸ். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து, “என் காலத்துல இப்பிடி ஆனதே இல்ல,” என்று குரல் வரும், சென்னியப்பன் பானெட்டுக்குள் தலையை விட்டபடியே, “மன்னிக்கோணுமுங்க,” என்பார்.

ருக்மணி முன் சீட்டில் உட்கார்ந்து கோயமுத்தூர் போனாள். சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் தாமோதரசாமியின் முழங்கால் இடித்தது. இடித்தால் அவர் இருமினார். அவர் இருமினால் சென்னியப்பன், “ஏ புள்ள, நிமித்து வை,” என்றார். ஐம்பது கிலோமீட்டர் போக, ஐம்பது கிலோமீட்டர் வர, முதுகை ஆணியடித்தது போல நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவள் பற்களைக் கடித்தாள். மூன்றாவது மாதத்தில் பிசியோதெரபி நாளும் ஒரு பனியன் கடைத் திறப்பு விழாவும் ஒரே நாளில் வந்தன, கார் திறப்பு விழாவுக்குப் போனது, ருக்மணி பஸ்ஸில் போனாள், உட்கார்ந்தால் வலி அதிகம் என்று திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் காந்திபுரம் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். டாக்டர் அவள் பாதத்தில் ஊசியால் குத்தினார். வலது பாதம் துள்ளியது. இடது பாதத்தில் எந்த இடத்தில் குத்தினார் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“படுத்துத்தானே வர்றீங்க?” என்றார் டாக்டர்.

“ஆமாங்க,” என்றாள் ருக்மணி. வீட்டு மானத்தைக் காப்பாற்றுவதற்கென்றே அவள் முதுகெலும்பு படைக்கப்பட்டிருந்தது போலும்.

“பொய் சொல்லாதீங்கம்மா. இப்படியே இன்னும் ஒரு மாசம் போனா இந்தக் கால் உங்களுது இல்ல.”

அன்று சாயங்காலம் நித்திலா காரின் பின் கதவைத் திறந்து, தாமோதரசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். அவர் வாயில் பாதிக் காப்பி இருந்தது.

“சார், நான் உங்ககிட்ட மூணு விஷயம் பேசணும்.”

“என்ன படிக்கற அம்மிணி?”

“புள்ளியியல்.”

“அதுக்கு என்ன ஸ்கோப் இருக்குது?”

“உங்க கம்பெனி என்னைக்கு மூடும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம், அந்த ஸ்கோப் இருக்குது. சார், இந்த வண்டி உங்க பேர்ல இல்ல.”

“பேரு எங்க இருந்தா என்ன அம்மிணி? உக்காந்திருக்கறது நானு.”

“எங்கம்மாவுக்கு இந்தச் சீட்டு வேணும். படுக்காட்டி அவங்களுக்குக் கால் போயிரும்.”

“பாவம்,” என்றார் அவர், உண்மையாகவே முகத்தைச் சுருக்கி. “நல்ல டாக்டராப் பாருங்க. நான் வேணும்னா ஒருத்தருக்குச் சொல்றேன்.”

“சொல்ல வேண்டாம். எறங்குங்க.”

“எறங்கினா?” என்று அவர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். “நான் எறங்கினா இது ஒரு பழைய வண்டி. உங்கப்பன் ஒரு காஜாக்காரன். வாசல்ல எவனாவது பழம் வெப்பானா? உங்கப்பனக் கேட்டுட்டு வா. அவன் சொன்னா எறங்கறேன்.”

நித்திலா பல்கலைக்கழகங்களுக்கிடையேயான விவாதப் போட்டியில் இரண்டு தடவை கோப்பை வாங்கியவள். அந்தக் கோப்பைகளை அப்போது யாராவது கொடுத்திருந்தால் ஜன்னல் வழியாக வீசியிருப்பாள். அப்பாவிடம் போனாள். கேட்டாள். சென்னியப்பன் யூனிபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டே, “ஒரு மனுசன எந்திரின்னு எப்பிடிச் சொல்றது கண்ணு?” என்றார். அம்மாவும் ஒரு மனுசிதான் என்று அவள் சொன்னபோது, அவர் அதை யோசித்தே பார்த்திராத ஒரு கோணம்போல ஒரு நொடி விழித்துவிட்டு, “அவ நம்ம வீட்டு ஆளுதான,” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை கோயமுத்தூரில் ஒரு ஷோரூமில் தாமோதரசாமி ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. கத்தரிக்கோலை ஜன்னலுக்குள் கொடுத்து ரிப்பனைக் காரை நோக்கி இழுத்துப் பிடிப்பார்களாம். அன்றைக்கே பதினோரு மணிக்கு ருக்மணிக்குப் பிசியோதெரபி. “ஐயா மனசு வெச்சுச் சரின்னுட்டாரு, போற வழிதான, அம்மாவையும் ஏத்திக்கலாம்,” என்று சென்னியப்பன் தன் காரில் தன் மனைவியை ஏற்றிக்கொள்ள வாங்கிய அனுமதியைப் பெருமையாக அறிவித்தார். அன்று அவரும் மேடையில் நிற்கப்போவதால் யூனிபார்ம் போடாமல் சில்க் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார், ஓட்டும் வேலை நித்திலாவுக்கு வந்தது, ருக்மணி முதன்முறையாகப் பின் சீட்டில் தாமோதரசாமிக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில், ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, அவர்மேல் பட்டுவிடாமல் கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

பல்லடம் தாண்டினார்கள். ஏசி ஓடியது. சென்னியப்பன் பின்னால் திரும்பித் திரும்பி, மேடையில் தன்னை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்று ஐயாவிடம் நாசூக்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். காரணம்பேட்டைக்கு முன்னால் வரிசையாக ஐந்து வேகத்தடைகள், நித்திலா காரை நத்தைபோல ஏற்றி இறக்கினாள், ஆனாலும் கியர் உதைத்தது, மூன்றாவது உதையில் கண்ணாடியில் அம்மாவின் முகம் சாம்பலாகப் போவதைப் பார்த்தாள்.

“ஐயா,” என்றாள் ருக்மணி. “கொஞ்சம் முன்னால போயி உக்காந்துக்கறீங்களா? என்னால முடியலீங்க.”

“பழக்கமில்லம்மா,” என்றார் தாமோதரசாமி.

“ஏ புள்ள, பேசாம வா,” என்றார் சென்னியப்பன். “இன்னும் முக்கா மணி நேரந்தான்.”

ருக்மணி தலையணையை வலது கதவில் சாத்தி அதில் தலையை வைத்தாள். வலது காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்தாள். இடது கால் தூக்க வரவில்லை, ஆகவே வெட்டிய பீஸ் கட்டைத் தரையிலிருந்து மேஜைக்கு எடுத்து வைப்பது போல இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். பிறகு இரண்டையும் நீட்டினாள். நீட்டிய இடத்தில் தாமோதரசாமியின் மடி இருந்தது.

வெடித்த குதிகால், மெஷின் எண்ணெய் ஏறிக் கறுத்த விரல் இடுக்கு, மூன்று வருடம் கசங்காத வெள்ளைப் பேண்ட்.

ஒரு புத்தகத்தில் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற தேசம் இது. கம்பெனி மூடியதைத் தாங்கியவர், காரைக் கட்டி இழுத்ததைத் தாங்கியவர், யார்டு வெயிலையும் தண்ணிக் காப்பியையும் முப்பத்தைந்து நிமிடம் தன் பேச்சைத் தானே கேட்பதையும் தாங்கியவர், தன் மடியைப் பார்த்தார்.

“சென்னியப்பா,” என்றார். “இது என்ன?”

“ருக்கு! கால எடு! எடுடீங்கறேன்!”

“எடுக்க வர்லீங்க,” என்றாள் ருக்மணி, கண்ணை மூடியபடி. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை, பட்டன் தீர்ந்துபோய்விட்டது என்கிற குரலில் சொன்னாள். “மரத்துப் போச்சு. ஐயா வேணும்னா எடுத்துக் கீழ வெச்சுக்கட்டும். இல்லீன்னா நீங்க எடுத்து வையுங்க.”

தாமோதரசாமியின் கைகள் பேப்பருக்கு மேலே தூக்கியபடி நின்றன. அந்தக் காலை எடுக்க வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். ஒரு காஜாக்காரியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அவர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பனின் கை முன் சீட்டைத் தாண்டி நீண்டது, பெண்டாட்டியின் காலைப் பெரிய மனுசருக்கு முன்னால் பிடிப்பதா என்று பாதியில் நின்றது, காற்றில் அப்படியே விரல்களை விரித்துக்கொண்டு தொங்கியது. இரண்டு ஆண்கள், நாலு கைகள், ஒரு ஜோடிப் பாதத்துக்கு முன்னால் செயலற்றுப்போன அந்தக் காட்சியை நித்திலா கண்ணாடியில் பார்த்தாள். இதை ஒரு வாதமாக அவளால் எந்த ஜென்மத்திலும் அமைத்திருக்க முடியாது.

“வண்டிய நிறுத்து,” என்றார் தாமோதரசாமி.

அவள் அவ்வளவு சந்தோஷமாக எந்த பிரேக்கையும் மிதித்ததில்லை.

இடது கதவு திறந்தது. மடியை மெதுவாக, மெதுவாக உருவிக்கொண்டு, கைபடாமல், உடம்பை நெளித்து நெளித்து அவர் வெளியே இறங்கினார், பாதங்கள் சீட்டில் மெத்தென்று விழுந்தன. ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால், தார் ரோட்டின் ஓரத்தில், தாமோதரசாமி நின்றார். நின்ற உடனே சட்டை மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் கசங்கியது, கக்கத்தில் வியர்வை வட்டம் வட்டமாக ஊறியது, நகங்கள் நீண்டன, கையிலிருந்த செய்தித்தாள் மஞ்சளாகிப் பொடிந்து பறந்தது. பஞ்சர் கடைக்காரன் அதையெல்லாம் பார்த்துவிட்டு, ஆள் யாரென்று கண்டுகொண்டு, உட்கார ஒரு டயரைத் துடைத்துப் போட்டான். ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கூடினார்கள். பதினோராவதாக வந்தவன் தன் காரை ஓரம்கட்டிப் பின் கதவைத் திறந்துகொண்டே, “ஐயா, ஏறுங்கய்யா, இதென்ன கொடுமை, ஏறுங்க,” என்றான். அந்தக் காரின் பின் சீட்டில் இருந்த அவன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் சொல்லாமலே இறங்கி வெயிலில் நின்றார்கள்.

சென்னியப்பன் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். “ஐயா, படிக்காதவளுங்க, மன்னிச்சுருங்க, ஐயா,” என்று கும்பிட்டபடி அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு திரும்பி, “நித்திலா! ஐயா நம்ம வண்டிக்கே வர்ற வரைக்கும் நில்லு! எடுத்தராத!” என்று கத்தினார்.

மணி பத்து இருபது. நித்திலா கை நீட்டி முன் கதவைச் சாத்தினாள், இறங்கிப் போய்ப் பின் கதவையும் சாத்தினாள், திரும்பி வந்து உட்கார்ந்து கியரைப் போட்டாள். அந்தக் கேவலமான கியர்பாக்ஸ் வழக்கம்போல உதைத்துவிட்டு நகர்ந்தது. கண்ணாடியில் ஒரு சில்க் சட்டை கும்பிட்ட கையை இறக்காமலே சின்னதாகிக்கொண்டே போனது.

“கண்ணு,” என்றாள் ருக்மணி பின்னாலிருந்து. “அந்தப் பக்கத்துக் கண்ணாடிய எறக்கிவுடு. மனுசன் உக்காந்திருந்த எடம் வெந்து கெடக்குது.”

நித்திலா இறக்கினாள். சூலூர்ப் பக்கத்துக் காற்று, மாட்டுச் சாணியும் டீசலும் கலந்து, சீட்டின் இடது முனைவரை நீண்டு கிடந்த கால்களின்மேல் வந்து விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் அம்மா தூங்கிவிட்டாள் என்றே நித்திலா நினைத்தாள்.

“கண்ணு.”

“என்னம்மா?”

“எடது காலுக்கும் காத்துத் தெரியுது.”